இல்லாத பழைய இசைத்தட்டுகள்

பிரிஸ்டல் நகரில் 1991-ஆம் ஆண்டு உருவான போர்ட்டிஸ்ஹெட் என்னும் இசைக்குழு இதுவரை வெளியிட்டிருக்கும் முழு இசைத்தொகுப்புகள் மூன்றே மூன்று. 1994-ல் ஒன்று, 1997-ல் ஒன்று, 2008-ல் ஒன்று. நடுவில் ஒரு மேடை நிகழ்ச்சியின் பதிவு. பிறகு உதிரியாகச் சில பாடல்கள். அனைத்தையும் ஒரே மாலையில் கேட்டு முடித்துவிடலாம். இவ்வளவு குறைவாகப் படைத்தவர்களை நாம் வழக்கமாகச் சோம்பேறிகள் என்போம், அல்லது பூரணத்துவப் பித்தர்கள் என்று வியப்போம். இரண்டுமே மேற்கொண்டு யோசிக்காமல் இருப்பதற்கு வசதியான பெயர்கள். மூன்றையும் வரிசையாகக் கேட்பவருக்கு வேறொன்று புலப்படும். முதல் தொகுப்பில் இவர்கள் ஒரு கடந்தகாலத்தைத் தங்கள் கையாலேயே செய்தார்கள். அது உலகெங்கும் விலைபோனது. அதன்பின் அந்தக் கடந்தகாலத்திலிருந்து வெளியேறும் வழியைத் தேடுவதே இவர்களின் வேலையாக ஆயிற்று.

முதலில் பிரிஸ்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள துறைமுக நகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமை வணிகத்தில் கொழுத்த ஊர். அந்த வணிகத்தில் பொருளீட்டிய எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895-ல் நகரின் நடுவே சிலை வைத்தார்கள்; 2020 ஜூன் 7 அன்று மக்கள் அதைப் பெயர்த்து, தெருவழியே உருட்டிச் சென்று, துறைமுக நீரில் தள்ளினார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜமைக்காவிலிருந்தும் மற்ற கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் செயின்ட் பால்ஸ் பகுதியில் குடியேறினார்கள். கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்க மறுத்த பேருந்துகளை 1963-ல் அவர்கள் புறக்கணித்துப் போராடியதும், 1980 ஏப்ரலில் காவல்துறைக்கு எதிராகக் கலவரம் மூண்டதும் இந்த நகரத்தில்தான்.

அவர்கள் தங்களுடன் கொண்டுவந்த பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்று 'சவுண்ட் சிஸ்டம்'. ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, தெருவையே ஆடவைக்கும் ஏற்பாடு. அதன் கூடவே வந்தது 'டப்' என்னும் முறை. ஏற்கெனவே பதிவான ஒரு ரெக்கே பாடலிலிருந்து குரலை உருவிவிட்டு, பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் மட்டும் எலும்பாக நிறுத்தி, எதிரொலிகளால் ஒரு வெற்றிடத்தை எழுப்புவது. டப் இசையில் பாடலைப் பாடியவரைவிட, கலவை மேசையின் முன் அமர்ந்திருப்பவரே ஆசிரியர். இந்தக் கருத்து பிரிஸ்டலின் வெள்ளை, கறுப்பு இளைஞர்கள் அனைவருக்கும் ஊறிப்போன ஒன்று. எண்பதுகளில் அமெரிக்க ஹிப் ஹாப் வந்து சேர்ந்தபோது இவர்கள் அதைத் தங்கள் ஊர் வேகத்துக்கு இறக்கிக்கொண்டார்கள். 'வைல்ட் பன்ச்' என்ற சவுண்ட் சிஸ்டம் கூட்டத்திலிருந்து கிளைத்த 'மாஸிவ் அட்டாக்' 1991-ல் வெளியிட்ட 'புளூ லைன்ஸ்' இந்த மந்தகதி இசையின் முதல் பெரும் படைப்பு.

அந்தத் தொகுப்பின் பதிவுகள் நடந்த கோச் ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் தேநீர் வாங்கி வந்துகொண்டும், ஒலிநாடாக்களை மாற்றிக்கொண்டும் ஓர் இளைஞன் இருந்தான். ஜெஃப் பாரோ, 1971-ல் பிறந்தவர். பிரிஸ்டலுக்கு மேற்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் இருக்கும் போர்ட்டிஸ்ஹெட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். குழுவின் பெயர் அந்த ஊரின் பெயர்தான். ஊர்ப்பெருமையால் வைத்ததாகத் தெரியவில்லை. எப்போது தப்பிப்போம் என்று காத்திருந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு அலைவதில் ஒரு கசந்த நகைச்சுவை உண்டல்லவா, அந்த வகை.

பெத் கிப்பன்ஸ் 1965-ல் பிறந்தவர். டெவன் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்து, பிரிஸ்டலுக்கு வந்து மதுக்கூடங்களில் பாடிக்கொண்டிருந்தார். இவரும் பாரோவும் சந்தித்த இடம் கலைக்கூடமோ கச்சேரி மேடையோ அன்று. மார்கரெட் தாட்சரின் அரசு வேலையற்றோருக்காக ஒரு திட்டம் வைத்திருந்தது. சொந்தத் தொழில் தொடங்குவதாகச் சொன்னால் வாரந்தோறும் ஓர் உதவித்தொகை கிடைக்கும். தொடக்கத்தில் அது 40 பவுண்டு. நாங்கள் இசைத்தொழில் செய்யப் போகிறோம் என்று பதிவுசெய்துகொண்ட பல கலைஞர்களை அந்தப் பணம் பட்டினியிலிருந்து காத்தது. அதற்கான பயிற்சி வகுப்பில், 1991-ன் தொடக்கத்தில், தேநீர் இடைவேளையில் இருவரும் பேசிக்கொண்டார்கள். சந்தைப் பொருளாதாரத்தின் தேவதை தன்னையறியாமல் செய்த கலைத்தொண்டு என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாமவர் ஏட்ரியன் அட்லி. 1957-ல் பிறந்தவர், பாரோவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஆண்டுக்கணக்கில் ஜாஸ் கிட்டார் வாசித்துப் பழகிய கை. பழைய திரைப்படப் பின்னணி இசையிலும், வழக்கொழிந்த மின்னணு வாத்தியங்களிலும் மோகம் கொண்டவர். இவர்களோடு ஒலிப்பொறியாளர் டேவ் மெக்டொனால்டைச் சேர்த்தால்தான் முதல் இரண்டு தொகுப்புகளின் கணக்கு நேராகும்.

இனி அந்த முறைக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை போர்ட்டிஸ்ஹெட்டின் வரலாற்றில் முக்கியமான பகுதி இதுவே. ஹிப் ஹாப் இசையின் அடிப்படை 'சாம்ப்ளிங்'. பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து இரண்டு விநாடியோ நான்கு விநாடியோ வெட்டி எடுத்து, அதைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன்மேல் புதுப்பாடலைக் கட்டுவது. அந்தத் துணுக்கோடு அதைச் சூழ்ந்த காற்றும் சேர்ந்து வருகிறது. அந்தக் கூடத்தின் எதிரொலி, ஊசியின் கீறல், தட்டின்மேல் படிந்த தூசு. கேட்பவருக்கு அது யாருடைய நினைவோ என்று தோன்றும். ஆனால் 1991 டிசம்பரில் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக ஓர் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அனுமதியற்ற சாம்ப்ளிங் ஆபத்தான காரியமாயிற்று. அனுமதி வாங்குவதற்கோ பெரும்பணம் தேவைப்பட்டது. இது ஒரு பக்கம். எல்லோரும் அதே பத்துப் பதினைந்து தட்டுகளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது மறுபக்கம்.

போர்ட்டிஸ்ஹெட் கண்ட வழி விசித்திரமானது. அவர்கள் பழைய இசையைத் தாங்களே எழுதினார்கள். டிரம்ஸையும் கிட்டாரையும் தந்தி வாத்தியங்களையும் பழைய ஒலிவாங்கிகளில் வாசித்துப் பதிவுசெய்து, அந்தப் பதிவை வினைல் தட்டாக வெட்டிக்கொண்டார்கள். அந்தப் புத்தம்புதுத் தட்டைக் கூடத்தின் தரையில் போட்டு அதன்மேல் நடந்தார்கள். சறுக்குப் பலகைபோல் காலால் தேய்த்தார்கள். பிறகு அதை ஓடவிட்டு, பழுதுபட்ட ஒலிபெருக்கி வழியே செலுத்தி, மறுபடி பதிவுசெய்து, அதிலிருந்து துணுக்குகளை வெட்டினார்கள். அதாவது, ஒருபோதும் வெளிவராத ஓர் இசைத்தட்டின் முப்பதாண்டு முதுமையை ஒரே பிற்பகலில் உண்டாக்கினார்கள்.

இதைப் போலி என்று சொல்லலாமா? புதுச் சிலையை மண்ணில் புதைத்து வைத்துப் பழமையானது என்று விற்பவனின் கைத்திறனும் இதுதானே? சொல்லலாம்தான். ஆனால் விற்பவன் தன் கைத்திறனை மறைக்கிறான், இவர்கள் மறைக்கவில்லை. 'டம்மி' என்று தொகுப்புக்குப் பெயரிட்டவர்களிடம் நேர்மையைப் பற்றி வாதாடுவது கடினம்.

'டம்மி' 1994 ஆகஸ்ட் 22 அன்று வெளியானது. அதற்கு முன்பே இவர்கள் 'டு கில் எ டெட் மேன்' என்றொரு குறும்படம் எடுத்திருந்தார்கள். அறுபதுகளின் உளவுப் படங்களைப் போல, கறுப்பு வெள்ளையில், தாங்களே நடித்து. இல்லாத ஒரு படத்துக்குப் பின்னணி இசை அமைக்க ஆசைப்பட்டு, இசைக்காகப் படத்தையே எடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். தொகுப்பின் உறையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் கிப்பன்ஸின் நீலநிறப் படம் அதிலிருந்து எடுத்ததுதான். 'மிஸ்டரான்ஸ்' என்ற பாடல் 1967-ன் பிரிட்டிஷ் பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரொன்றில் வரும் செவ்வாய்க்கிரகவாசிகளின் பெயரைத் தாங்கியது. அதில் ஆவியின் ஓலம்போல் ஊடாடும் ஒலியைப் பலரும் தெரமின் என்னும் பழைய மின்னிசைக் கருவி என்றே நம்பினார்கள். அது அட்லி ஒரு ரோலண்ட் சிந்தசைசரில் எழுப்பிய பாவனை ஒலி. இங்கும் அதே விளையாட்டு.

பிறர் தட்டுகளிலிருந்து எடுத்தவையும் 'டம்மி'யில் உண்டு. 'சவர் டைம்ஸ்' பாடலுக்கு 'மிஷன் இம்பாசிபிள்' தொடரின் இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரினின் இசைத்துணுக்கு. 'பிஸ்கட்' பாடலில் ஜானி ரே 1959-ல் பாடிய காதல் வரி ஒன்று வேகம் குறைக்கப்பட்டு, குடித்து மயங்கிய பூதத்தின் குரலாகிறது. 'குளோரி பாக்ஸ்' பாடலில் ஐசக் ஹேய்ஸின் 1971-ஆம் ஆண்டுத் தந்தி வாத்தியங்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்கின்றன. இதே ஹேய்ஸ் துணுக்கை அடுத்த ஆண்டு பிரிஸ்டலின் இன்னொரு கலைஞரான ட்ரிக்கி தன் 'மேக்ஸின்குவே' தொகுப்பில் எடுத்தாண்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்ல பாடம். ட்ரிக்கியிடம் அந்த இறக்கம் தெருவின் அச்சமாகிறது. போர்ட்டிஸ்ஹெட்டிடம் அது மூடிய அறைக்குள் ஒரு பெண்ணின் களைப்பாகிறது. மூலத்துணுக்கு ஒன்றே என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்தச் செயற்கைப் பழமை முழுவதிலும் செய்யப்படாத பொருள் ஒன்றே ஒன்று: கிப்பன்ஸின் குரல். அவரும் சிலவேளை பழைய ஜாஸ் பாடகியின் முகமூடியை அணிகிறார், சிலவேளை சிறுமியாகக் கீச்சிடுகிறார். ஆனால் மூச்சு வாங்கும் இடத்தில் முகமூடி நழுவிவிடுகிறது. 'ரோட்ஸ்' பாடலில் மூச்சின் நடுக்கத்தை அழகுபடுத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். தேய்த்துப் பழசாக்கிய தாளத்துக்கு நடுவே அந்த மூச்சு மட்டும் இன்றைக்கு இப்போது நிகழ்வது. இவர் தொடக்கத்திலேயே பேட்டிகள் கொடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பாட்டில் சொல்லியாயிற்று என்பதாக இருக்கலாம்.

பிறகு நடந்தது ஒரு வழக்கமான விபத்து. 1994 ஜூனில் ஓர் ஆங்கில நடன இசை இதழ் டிஜே ஷாடோ என்ற அமெரிக்கரின் இசையைக் குறிக்க 'டிரிப் ஹாப்' என்ற சொல்லைப் பயன்படுத்தியது. சில மாதங்களில் அந்தச் சொல் பிரிஸ்டல்காரர்கள் அனைவரின் கழுத்திலும் மாட்டப்பட்டது. அவர்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. 1995-ல் 'டம்மி' மெர்க்குரி பரிசை வென்றது. போட்டியில் இருந்தவற்றுள் ட்ரிக்கியின் தொகுப்பும் ஒயேசிஸின் முதல் தொகுப்பும் அடக்கம். அதன்பின் காப்பிக் கடைகளிலும், துணிக்கடைகளிலும், நடுத்தர வர்க்கத்து இரவு விருந்துகளிலும் இந்த இசை ஒலிக்கத் தொடங்கியது. கீறல் ஒலி, மந்தமான தாளம், சோகமான பெண்குரல் என்று சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நூறு குழுக்கள் கிளம்பின. தனிமையின் அவஸ்தையாக எழுதப்பட்ட ஒன்று உணவுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளானது. தன் வலி மேசையலங்காரமாவதைப் பார்க்கும் கலைஞனின் கூச்சம் எப்படிப்பட்டது என்பதற்கு அடுத்த தொகுப்பே சாட்சி.

1997 செப்டம்பரில் வந்த இரண்டாம் தொகுப்புக்குக் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்தார்கள். விமர்சகர்கள் பலர் இதை 'டம்மி'யின் இருண்ட நகல் என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு இது வேண்டுமென்றே விருந்தைக் கெடுக்க வந்த தொகுப்பாகத் தோன்றுகிறது. முதல் பாடலான 'கௌபாய்ஸ்' கேட்பவரின் காதைக் கடிக்கிறது. கிப்பன்ஸ் அதில் ஏறக்குறையச் சூனியக்காரியைப் போலப் பாடுகிறார். பிறரது தட்டுகளை இம்முறை பெரும்பாலும் தவிர்த்து, கொம்பு வாத்தியங்களையும் தந்தி வாத்தியங்களையும் தாங்களே எழுதி, வாசிக்கவைத்து, தட்டாக்கித் தேய்த்தார்கள். கடைசிப் பாடலுக்குரிய உறைக்குறிப்பில் யாரும் கேள்விப்படாத ஒரு குழுவின் பழைய பாட்டிலிருந்து துணுக்கு எடுத்ததாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு குழு இருந்ததே இல்லை. கடந்தகாலத்தை உண்டாக்கியது போதாதென்று, அதற்கு ஆவணமும் உண்டாக்கிவிட்டார்கள். சிரிப்பு வருகிறது, கூடவே ஒரு முட்டுச்சந்தின் சுவரும் தெரிகிறது. இதற்குமேல் இந்த வழியில் போக இடமில்லை.

அதே ஆண்டு ஜூலை 24 அன்று நியூயார்க்கின் ரோஸ்லேண்ட் அரங்கில் பெரிய வாத்தியக்குழுவோடு இவர்கள் நடத்திய நிகழ்ச்சி 1998-ல் தொகுப்பாக வந்தது. மேடை என்று தனியே இல்லாமல் அனைவரும் தரைமட்டத்தில் அமர்ந்திருக்க, பார்வையாளர்கள் சுற்றிலும் நின்றார்கள். இதைத்தான் இவர்களது உச்சம் என்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நிஜமான வயலின்கள் வந்ததும் பாடல்களுக்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது, அந்தத் தேய்ந்த தட்டின் அவலம் போய்விடுகிறது. தொகுப்பில் என்னை உலுக்குவது ரோஸ்லேண்டில் பதிவாகாத ஒன்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1998-ல் பாடிய 'சவர் டைம்ஸ்'. உளவுப்பட மினுக்கையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு மெதுவாகத் தொடங்கும் பாடல், கடைசியில் கிப்பன்ஸின் தொண்டை கிழியும் அலறலில் முடிகிறது. விருந்து மேசையை அப்படியே கவிழ்த்துவிடும் அலறல்.

அதோடு மௌனம். பாரோ இசையே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தார். சிலகாலம் ஆஸ்திரேலியாவில் இருந்தார். 'இன்வாடா' என்ற சிறு இசை நிறுவனத்தைத் தொடங்கினார். கிப்பன்ஸ் 2002-ல், 'டாக் டாக்' குழுவில் இருந்த பால் வெப்போடு சேர்ந்து 'அவுட் ஆஃப் சீஸன்' என்ற அமைதியான தொகுப்பை வெளியிட்டார். ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு போர்ட்டிஸ்ஹெட் மேடையேறியது 2005 பிப்ரவரியில், பிரிஸ்டலில். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் ஆச்சேயையும் அடித்துச் சென்ற ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்ட மாஸிவ் அட்டாக் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. நம் கரையில் விழுந்த அலைக்கும் இந்தக் குழுவின் மறுவருகைக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு என்பது இங்கே அதிகம் அறியப்படாதது.

2008 ஏப்ரல் 28 அன்று 'தேர்ட்' வந்தது. பதினோரு ஆண்டுகள். தொடக்கத்தில் ஓர் ஆண்குரல் போர்த்துகீசிய மொழியில், செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்ற பொருளில் பேசுகிறது. உடனே டிரம்ஸ் ஓடத் தொடங்குகிறது, ஆம், ஓடுகிறது. போர்ட்டிஸ்ஹெட்டின் அடையாளமாக இருந்த மந்தகதி போயிற்று. கீறல் ஒலி போயிற்று. தட்டைக் கையால் உரசும் ஹிப் ஹாப் வித்தை போயிற்று. கிப்பன்ஸ் பாட வருவதற்கே இரண்டு நிமிடங்களுக்குமேல் ஆகிறது. ஐந்து நிமிடம் நெருங்கும்போது, வாக்கியத்தின் நடுவில் மின்சாரம் போனதுபோல் பாடல் அறுந்துவிடுகிறது. பாடலின் பெயர் 'சைலன்ஸ்'. முதன்முதலில் கேட்டவர்கள் தங்கள் கருவிதான் பழுது என்று எண்ணியிருப்பார்கள்.

இதன் அருமை எங்கே என்றால், தங்கள் பெயரை உலகுக்குச் சொன்ன எல்லாவற்றையும் களைந்துவிட்ட பிறகும் இது போர்ட்டிஸ்ஹெட் என்று தெரிகிறது என்பதில். 'தி ரிப்' பாடலில் நாட்டுப்புறக் கிட்டாரின் விரல்நடை மெல்ல மெல்ல இயந்திரச் சுரமாக மாறுகிறது. கிப்பன்ஸ் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்க, அடியிலிருக்கும் தரை மாறிவிடுகிறது. 'டீப் வாட்டர்' ஒன்றரை நிமிடப் பாட்டு. உகுலேலே என்ற சிறு தந்தி வாத்தியமும் குரலும் மட்டும், திண்ணையில் உட்கார்ந்து பாடுவதைப்போல. அது முடிந்த மறுகணமே 'மெஷின் கன்' பாடலின் டிரம் இயந்திரம் சுடத் தொடங்குகிறது. அதில் இடைவெளியோ நெளிவோ இல்லை, இரக்கம் மருந்துக்கும் கிடையாது. அதனோடு போட்டிபோடாமல் கிப்பன்ஸ் மேலே தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறார். 'டம்மி'யில் அந்தக் குரலைச் சுற்றி அரணாகப் பழைய காலம் ஒன்று இருந்தது. இங்கே அரண் இல்லை. இறுதிப் பாடலான 'த்ரெட்ஸ்' முடிந்தபின் கப்பல் சங்கைப்போல் ஓர் ஒலி மீண்டும் மீண்டும் எழுந்து தேய்கிறது. துறைமுக நகரத்துக் குழு என்பது நினைவுக்கு வருகிறது.

மூன்று தொகுப்புகளும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை வந்தன, முதலிடம் எதற்கும் கிடைக்கவில்லை. இதற்குப் பெரிய பொருள் எதுவும் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

'தேர்ட்' தொகுப்புக்குப் பின்வந்தவை உதிரிகள். 2009 டிசம்பரில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலுக்காக 'சேஸ் தி டியர்' என்ற பாடல். ஜே.ஜி. பல்லார்டின் நாவலைத் தழுவி 2015-ல் பென் வீட்லி இயக்கிய 'ஹை ரைஸ்' திரைப்படத்துக்காக, ஆபா குழுவின் புகழ்பெற்ற 'எஸ்.ஓ.எஸ்.' பாடலை இவர்கள் பாடிக்கொடுத்தார்கள். கொண்டாட்டமான மெட்டின் அடியில் இத்தனை பீதி இருந்ததா என்று கேட்கவைக்கும் பதிவு. 2016 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தீவிர வலதுசாரி ஒருவனால் கொல்லப்பட்டபோது, அந்தப் பாடலின் காட்சிப் பதிவை அவர் நினைவாக வெளியிட்டார்கள். 2022 மே 2 அன்று, உக்ரைன் போரில் சிக்கிய குழந்தைகளுக்காகப் பிரிஸ்டலில் மேடையேறி ஐந்து பாடல்கள் பாடினார்கள். 2015-க்குப் பின் அதுவே முதல் நிகழ்ச்சி. ஆழிப்பேரலை, போர், படுகொலை என்று ஏதாவது நேர்ந்தால் மட்டும் வாயைத் திறப்பவர்கள் ஆகிவிட்டார்கள்.

கிப்பன்ஸ் தன் பாதையில் போய்க்கொண்டிருந்தார். போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்ஃபொனியை, தனக்குத் தெரியாத போலிஷ் மொழியில், பென்டெரெட்ஸ்கி நடத்திய இசைக்குழுவோடு 2014-ல் வார்சாவில் பாடினார்; பதிவு 2019-ல் வெளியானது. சோப்ரானோ குரலுக்காக எழுதப்பட்ட இசையைத் தாழ்ந்த குரல் கொண்ட ஒருவர் எட்டிப் பிடிக்கும் முயற்சி அதில் கேட்கிறது. அதுவே அதன் அழகு. அவர் பெயரில் மட்டும் வெளிவந்த முதல் தனித்தொகுப்பு 'லைவ்ஸ் அவுட்க்ரோன்' 2024 மே மாதம் வந்தது. ஐம்பத்தொன்பது வயதில். முதுமை, உடல், நெருங்கியவர்களின் மரணம் ஆகியவற்றைப் பற்றிய பாடல்கள். போர்ட்டிஸ்ஹெட்டின் முதுகெலும்பாக இருந்த ஸ்நேர் டிரம்மின் அடி அதில் வேண்டாம் என்று ஒதுக்கினார். அந்த இடத்தில் டிரம்ஸ் கலைஞர் லீ ஹாரிஸ் சமையல் தட்டு, தகரத் தகடு, திரைச்சீலைகள் அடைத்த பெட்டி என்று கிடைத்தவற்றையெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறார்.